வருசத்துக்கு எத்தனை மாசம்?

ஒரு வீடு விலைக்கு வருகிறது, மாதம் இவ்வளவு வாடகை தேறும் என்று யார் வந்து சொன்னாலும் என் பெரியப்பா முதலில் கேட்பது, "வருசத்துக்கு எத்தனை மாசம்?" என்பதுதான். கேள்வி புரியாமல் தரகர்கள் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவின் கணக்கில் எங்கள் பக்கம் வாடகை வருடத்துக்குப் பத்து மாதம்தான் வரும். பன்னிரண்டால் பெருக்கிக் கொண்டுவந்த எந்தக் கணக்கையும் அவர் நம்பியதில்லை.

விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் அவர் கணக்குப்பிள்ளை. வீடு மல்லாங்கிணறில். காலை முதல் பஸ்ஸில் போய், பேரேட்டை மூடிவிட்டு இரவு கடைசி பஸ்ஸில் திரும்புவார். எனக்கு அப்பா இல்லை; அவர் கையைப் பிடித்து வளர்ந்தவன் நான். பிற்பாடு விருதுநகரில் பி.காம். படித்து ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தேன். அங்கே கற்றதற்கு முந்திய பாடம் அவருடைய வாடகை நோட்டில் இருந்தது.

1987இல் தாத்தாவின் புஞ்சையில் ஒரு பகுதியை விற்றதில் அவர் பங்குக்கு ஒரு லட்சம் ரூபாய் வந்தது. தபாலாபீஸில் அப்போது இந்திரா விகாஸ் பத்திரம் என்றால் ஊரெல்லாம் ஒரே பேச்சு. 1986இல் வந்த பத்திரம். போட்ட பணம் ஐந்தே வருடத்தில் இரட்டிப்பு, அதாவது கூட்டு வட்டியில் கிட்டத்தட்ட 15 சதவீதம். பத்திரத்தில் வாங்கியவர் பெயர்கூட இருக்காது, தொலைந்தால் தொலைந்ததுதான். அதே ஒரு லட்சத்துக்கு ஊருக்குள் இடம் வாங்கி ஆறு லைன் வீடு கட்டினால் வீட்டுக்கு நூறு ரூபாய் வாடகை வரும். பத்து மாதம் என்று வைத்தால் வருடத்துக்கு 6,000. ஆறு சதவீதம். வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுவது, வீட்டு வரி எல்லாம் போனால் ஐந்துதான் நிற்கும்.

அத்தைமார்கள் வீடு கட்டு என்றார்கள், மண்டி முதலாளி பத்திரம் வாங்கு என்றார். பெரியப்பா பணத்தைச் சரிபாதியாகப் பிரித்தார். ஐம்பதாயிரத்துக்கு மூன்று வீடு, ஐம்பதாயிரத்துக்குப் பத்திரம். 1992இல் பத்திரம் ஒரு லட்சமாகத் திரும்பியபோது அடுத்த மூன்று வீடுகள் எழும்பின. ஓட்டுக்குப் பதில் கான்கிரீட் கூரை, தனித்தனிக் கக்கூஸ். ஐந்து வருடத்தில் கட்டுமானச் செலவு ஏறிவிட்டிருந்தது. ஆனாலும் மூன்று வீட்டுக்கான காசு முழுவதும் தபாலாபீஸிலிருந்தே வந்துவிட்டது. வீட்டில் முதலீடு செய்வது பற்றி இன்றுவரை நான் கேட்ட யோசனைகளில் இதை விடத் தெளிவான ஒன்று கிடையாது. வாடகையை வங்கி வட்டியோடு ஒப்பிட்டு, குறைகிறதே என்று விட்டுவிடவும் இல்லை. மண்ணில் போட்டால் குறையாது என்ற வாக்கை நம்பி எல்லாவற்றையும் மண்ணில் போடவும் இல்லை.

"இடத்து வெல ஏறும்ல பெரியப்பா, அதையும் சேத்தா?" என்று கல்லூரி நாட்களில் கேட்டிருக்கிறேன்.

"ஏறுனது விக்கிற அன்னைக்குத்தான் காசு தம்பி. கூர ஒழுகுனா இடத்துல ஒரு ஓரத்த வித்தா ஓடு வாங்குவ?"

வாடகையை எவ்வளவு வைப்பது என்பதற்கு அவரிடம் ஓர் அளவு இருந்தது. ஒரு ஆளின் ஒரு வாரச் சம்பளம். எங்கள் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் சனிக்கிழமைதான் சம்பளம். வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள் என்றால் மாதத்தில் எட்டுக் கவர் வரும். அதில் ஒன்று வாடகைக்கு. அதற்கு மேல் போனால் அந்தக் குடும்பம் அரிசிக் கடையிலோ வட்டிக்காரரிடமோ கைநீட்ட வேண்டி வரும், கடைசியில் வாடகைதான் நிற்கும் என்பார். கட்டடத்துக்கு எவ்வளவு செலவானது என்பதை வாடகை வைக்கும்போது அவர் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார். செலவுக் கணக்கு கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க. கட்டி முடித்த பிறகு தெருவின் சம்பளம்தான் வாடகையை வைக்கிறது.

கூலிக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடி தொட்டுத் தீபாவளி வரை பட்டாசுக்கு முழு வேலை. தீபாவளிக்கு முன் போனஸ் வரும். பாக்கிகள் அப்போதுதான் தீரும். தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் சில வாரம் அடைத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மருந்தும் திரியும் காயாது. தீப்பெட்டிக்கும் அதே கதிதான். வெயில்தான் எங்கள் ஊரின் மூலதனம். அந்த இரண்டு மாதமும் முதல் தேதி வாடகைக்குப் போய் நிற்பதில் பயன் இல்லை என்று பெரியப்பா என்னை அனுப்பவே மாட்டார். அந்த இரண்டு மாதத்தைக் கழித்ததுதான் அவருடைய பத்து.

தொண்ணூறுகளின் நடுவில் திருத்தங்கலில் எட்டு வீடு உள்ள ஒரு காம்பவுண்டு விலைக்கு வந்தது. தரகர் மாசியிலேயே வந்து கூப்பிட்டார். பெரியப்பா சித்திரையில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். காரணம் கரிசல். மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற மண் அது. அஸ்திவாரம் ஆழமாகப் போகாமல், அடியில் மணல் போடாமல் எழுப்பிய சுவர் வருடத்துக்கு இரண்டு முறை அசையும். நிலைக்கும் ஜன்னலுக்கும் மேல்மூலையில் சாய்வாக ஓடுகிற விரிசல் சித்திரை வெயிலில்தான் வாய் திறந்து தெரியும். தை, மாசியில் வெள்ளையடித்துக் காட்டினால் ஒன்றும் தெரியாது.

சித்திரையில் நானும் கூடப் போனேன். நேரே வீட்டுக்குப் போகாமல் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தார். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, உப்புத் தண்ணிக்குப் போர் இருக்கிறதா, கடைசியாகக் குடிவந்தது யார், போனவர்கள் எங்கே போனார்கள் என்றெல்லாம் கடைக்காரரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார். பிறகு உள்ளே போனோம். எட்டு வீட்டில் ஐந்தின் வாசலில்தான் கோலம் இருந்தது. ஒரு பூட்டின் மேல் துரு. கரண்டு மீட்டர் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.

"எட்டு வீட்டுக்கும் வாடக வருது அண்ணாச்சி, வீட்டுக்கு முன்னூத்தம்பது," என்றார் தரகர்.

"கடேசியா வந்தவுக என்ன குடுக்காக?"

தரகர் பதில் சொல்லவில்லை. நடுவீட்டுக்காரம்மாதான் சொன்னார், வந்து மூன்று மாதமாகிறது, இருநூற்றைம்பது என்று. பெரியப்பாவுக்கு வாடகை மதிப்பு அந்த இருநூற்றைம்பதுதான். பத்து வருடமாக இருப்பவர் தருவது பழைய வாடகை. சொந்தக்காரர் சொல்வது அவருடைய ஆசை. புதிதாக வந்த ஒருவர், வேறு இரண்டு இடமும் பார்த்துவிட்டு, கையில் இருப்பதை எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்ட தொகை எதுவோ அதுதான் அந்தத் தெருவின் வாடகை. இன்றைக்கும் வாடகை மதிப்பு கேட்டு யாராவது என்னிடம் வந்தால், அந்தத் தெருவில் ஆறு மாதத்துக்குள் குடிவந்த மூன்று பேரைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்தக் காம்பவுண்டை அவர் வாங்கவில்லை. ஐந்து வீடு, இருநூற்றைம்பது, பத்து மாதம் என்று ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் எழுதினார். 12,500. அதிலிருந்து விரிசலுக்கு ஒரு தொகையைக் கழித்தார். மிச்சத்துக்கு ஏற்ற விலையைச் சொன்னார். தரகர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வட்டாரத்தில் ஒத்தியைச் சொல்லாமல் வாடகையைப் பேச முடியாது. குடியிருப்பவர் மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவார். மாத வாடகை கிடையாது. இரண்டு மூன்று வருடம் கழித்துக் காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்ப வரும். வட்டிக்கு வாடகை சரி. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி நடக்கிற ஊரில் 50,000 ஒத்தி என்றால் 500 ரூபாய் வாடகைக்குச் சமம். இரண்டு ரூபாய் வட்டி நடந்தால் 25,000 போதும். ஆகவே ஒத்தித் தொகையைக் கேட்டாலே அந்த ஊரில் வட்டி என்ன நடக்கிறது என்று பெரியப்பா சொல்லிவிடுவார்.

ஆனால் அவர் தன் வீடுகளில் ஒன்றைக்கூட ஒத்திக்கு விட்டதில்லை. ஒத்தி வாங்குகிறவர் பெரும்பாலும் அந்தப் பணத்தில் மகளுக்குக் கல்யாணம் முடிப்பார் அல்லது கடன் அடைப்பார். திரும்பக் கொடுக்கும் நாளில் கையில் இருக்காது. அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் முந்தியவருக்குப் பணம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி அனுபோக அடமானம் நூறு ரூபாய்க்கு மேல் போனாலே பத்திரம் பதிவாக வேண்டும். எங்கள் ஊரில் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வீட்டை வங்கியோ கோர்ட்டோ எடுத்துக்கொண்டால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒத்திக்காரர் நிற்பதற்கு இடம் இல்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு அப்படி நின்ற ஒரு குடும்பத்தின் கணக்கை எங்கள் ஆபீஸில் நானே எழுதியிருக்கிறேன். ஒத்திக்குப் போகிறவர்கள் பதிவுச் செலவுக்குத் தயங்கவே கூடாது. வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

நான் ஆபீஸில் சேர்ந்த புதிதில் 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டுப் பெருமையோடு பெரியப்பாவிடம் வந்தேன். நியாய வாடகைக்கு அதில் ஒரு சூத்திரம் இருந்தது. மனையின் சந்தை மதிப்பு, தேய்மானம் போகக் கட்டடத்தின் மதிப்பு, வசதிகள் எல்லாம் சேர்த்து, குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம், கடை முதலியவற்றுக்கு 12 சதவீதம். எங்கள் ஆறு வீட்டுக்கும் மனைக்கும் சேர்த்து அன்றைய மதிப்பு நாலு லட்சம் என்று வைத்துப் போட்டேன். வருடம் 36,000, மாதம் 3,000, வீட்டுக்கு 500. வாங்கிக்கொண்டிருந்ததோ 300.

பெரியப்பா தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "சட்டம் சொல்றது நம்ம வாங்குறத விடக் கூடல்ல இருக்கு. எடத்து வெல யாரு ஏத்துனா? பிளாட்டு போட்டவுக. குடியிருக்கவுகளுக்கு அதனால ஒரு ரூவா கூலி ஏறுச்சா?"

வாடகைக் கட்டுப்பாடு என்றால் குடியிருப்பவரைக் காக்கும் சட்டம் என்றே நான் நினைத்திருந்தேன். நகரங்களில் நியாய வாடகை மனுக்களைப் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான், வாடகையை ஏற்றக் கேட்டுப் போட்டார்கள் என்பது வழக்குகளைப் படித்தபோது தெரிந்தது. மனை விலை ஓடுகிற வேகத்தில் வாடகை ஓடுவதில்லை. விலையை வைத்து வாடகையைக் கணக்கிட்டால் அது குடியிருப்பவரின் சனிக்கிழமையைத் தாண்டித்தான் போகும். இன்று எங்கள் ஊர்ப்பக்கம் முப்பது லட்சத்துக்கு வாங்கிய வீடு மாதம் ஆறாயிரம் ஏழாயிரத்துக்கு மேல் போவதில்லை. இரண்டரை சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அந்த 9 சதவீதம் வேண்டுமென்றால் மாதம் 22,500 கேட்க வேண்டும். மல்லாங்கிணறில் அதைக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

இன்னொரு வகை வாடகையும் எங்கள் பக்கத்தில் உண்டு. பட்டாசு ஆலையின் அறை வாடகை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் துறையிடமோ மாவட்ட நிர்வாகத்திடமோ உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் அறைகளைப் பிரித்து வேறு ஆட்களுக்கு உள்குத்தகைக்கு விட்டுவிடுவார். சட்டப்படி கூடாது. ஆனாலும் நடக்கிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்தபோதும் இந்த உள்குத்தகைப் பேச்சுத்தான் எழுந்தது.

பல வருடம் முன்னால், இப்படி அறை எடுத்து நடத்த ஒருவர் பெரியப்பாவிடம் பணம் கேட்டு வந்தார். ஓர் அறையில் வருகிற வருமானம் எங்கள் ஆறு வீட்டு வாடகையை விடக் கூடுதல் என்றார். பெரியப்பா கேட்டதெல்லாம், அறைக்கு எத்தனை பேர் என்பதுதான். வந்தவர், நாலு பேர்தான் இருக்கலாம், சீசனில் கூடக்குறைய உட்காருவார்கள் என்றார். பெரியப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு வந்தவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அன்று இரவு பெரியப்பா எனக்குப் போட்டுக் காட்டிய கணக்கை நான் மறக்கவில்லை. அறை வாடகை மாதத்துக்கு இவ்வளவு என்று முன்பணமாகப் போய்விடுகிறது. அதை எடுக்க வேண்டுமானால் நாலு பேர் இடத்தில் எட்டுப் பேரை உட்கார்த்த வேண்டும். மருந்தை அளவுக்கு மேல் கொண்டுவந்து வைக்க வேண்டும். மரத்தடியிலும் திரி சுற்ற வேண்டும். வாடகையின் கனம் போய் இறங்குவது உள்ளே உட்கார்ந்திருக்கிற பெண்களின் தலையில். வீட்டு வாடகை கூடிப்போனால் குடியிருப்பவர் காலி செய்துகொண்டு போகலாம். அங்கே அப்படிப் போக முடியாது. உள்குத்தகையைத் தடுப்பதை உரிமத் தாள் சம்பந்தப்பட்ட விஷயமாகவே அதிகாரிகள் பார்க்கிறார்கள். அறையின் வாடகை எவ்வளவு என்று கேட்டால் அங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரிந்துவிடும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்புக்குத் தடை, சரவெடிக்குத் தடை, பசுமைப் பட்டாசு மட்டுமே. தீபாவளி முடிந்து நவம்பரில் அடைத்த ஆலைகள் அடுத்த மார்ச் வாக்கில்தான் திறந்தன. எங்கள் ஆறு வீட்டில் நான்கில் பட்டாசுக் குடும்பங்கள். வாடகை அப்போது 1,500. பெரியப்பாவின் மகன், என் அண்ணன், பாக்கியாக வைத்துக்கொள்ளலாம், திறந்ததும் தரட்டும் என்றான். கேட்பதற்கு இரக்கமாகத்தான் இருந்தது. பெரியப்பா எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்; கண் மங்கிவிட்டது, கணக்கு மங்கவில்லை.

"பாக்கி வைக்காத. நாலு மாசம் சேந்தா ஆறாயிரம். அதப் பாத்துப் பயந்தே ராத்திரியோட ராத்திரியா சட்டிய பானையத் தூக்கிட்டுப் போயிருவாக. பாதி வாடக வாங்கி, முழுசா வந்ததா எழுதி, மாசாமாசம் கணக்க முடி."

பாதி வாடகையில் நான்கு மாதத்துக்கு வீட்டுக்கு 3,000 நட்டம். காலி செய்துவிட்டால், ஆலை அடைத்துக் கிடக்கிற ஊரில் வீடு குறைந்தது மூன்று மாதம் பூட்டிக் கிடக்கும்: 4,500. வெள்ளையடிக்க ஆயிரத்து ஐநூறு. தெரியாத ஆளை வைக்கிற பயம் தனி. அந்த நான்கு குடும்பமும் இருந்தார்கள். அடுத்த வருடம் வாடகையை நூறு ரூபாய் ஏற்றியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதற்கு முன்பே இன்னொன்றும் செய்திருந்தோம். 2016 மே மாதம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று வந்தது. ஒரே மீட்டரில் ஆறு வீடு இருந்தால் அந்த நூறு ஒருமுறைதான் கிடைக்கும். லைன் வீட்டுக்காரர்கள் பலர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாங்களே ஒரு கட்டணம் வைத்து வாங்குவதும் உண்டு. பெரியப்பா ஆறு மீட்டர் எழுதிப் போட்டார். குடியிருப்பவர்களுக்குக் கரண்டுச் செலவு அநேகமாக இல்லாமல் போனது; வீட்டின் மதிப்பும் கூடியது. சின்டெக்ஸ் தொட்டி வைத்ததை விட, தரையில் டைல்ஸ் ஒட்டியதை விட, இந்த மீட்டர்தான் ஆள் நிற்பதற்குக் காரணம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பெரியப்பா காலமாகிவிட்டார். வீடுகளை அண்ணன் பார்க்கிறான்; கணக்கு என்னிடம். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. அடுத்த வருடம் இ.குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா என்று அறிவிப்பு வந்தது. மனைத் தரகர்கள் இரண்டையும் வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். 2022இல் 600 சதுர அடிக்குக் குறைந்த வீடுகளுக்கும் சொத்து வரி கால் பங்கு ஏறிவிட்டது. கடைசி வீடு காலியானபோது இதையெல்லாம் சொல்லி அண்ணன் 3,500 வைப்போம் என்றான். நானும் அவனும் பக்கத்து மூன்று தெருவில் புதிதாக வந்தவர்களைக் கேட்டோம்: 2,400, 2,500, 2,700. மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கிறவர் விருதுநகரில் வீடு பார்ப்பாரே தவிர மல்லாங்கிணறுக்கு வரமாட்டார். பூங்கா திறந்து சனிக்கிழமை சம்பளம் வந்த பிறகு அந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். 2,600 என்று முடிவானது.

வந்தது ஒரு இளம் தம்பதி. அவர் லோடுமேன், அந்தப் பெண் பட்டாசு ஆலைக்கு வேனில் போகிறார். 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்துக்கு ஏற்ப எழுத்தில் ஒப்பந்தம் போட உட்கார்ந்தோம். வேறு விதமாகப் பேசிக்கொண்டால் தவிர முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். அண்ணன் இரண்டு போதும் என்றான். தாளை நான் வாசித்து முடித்ததும் அந்தப் பெண் கேட்டார், "அண்ணே, தீவாளி கழிஞ்சு கம்பெனி தெறக்க ஒரு மாசம் ஆகுமே, அந்த மாசம் எப்பிடி?"

அண்ணன் என்னைப் பார்த்தான். ஆலை அடைத்திருக்கும் மாதத்து வாடகையை ஜனவரி, பிப்ரவரி வாடகையோடு பாதிப் பாதியாகச் சேர்த்துத் தரலாம் என்று நான்காவது சரத்துக்குக் கீழே எழுதி, இரண்டு பேரிடமும் அந்த இடத்தில் தனியாகக் கையெழுத்து வாங்கினேன்.